பதினெட்டு விழாமல் படியிறங்க மாட்டார்

ஆறு பேர் கொண்ட கூட்டத்தை உங்கள் இஷ்டப்படி நீங்களே அமைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோ கேம் சொன்னால் நமக்கெல்லாம் அது ஒரு சௌகரியம். என் நண்பர் ஒருவருக்கு அதுதான் ஆட்டமே. பாதாளம், பூதம், புதையல் எல்லாம் ஆள் எடுப்பு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளவேண்டிய சில்லறை விஷயங்கள். ஒரே ஒரு நாள் தவிர, ஆள் எடுப்பு முடிந்து நான் பார்த்ததில்லை.

இவர் ஆடுவது, மன்னிக்கவும், ஆடப்போவது, 'விஸார்ட்ரி: ப்ரூவிங் கிரவுண்ட்ஸ் ஆஃப் தி மேட் ஓவர்லார்ட்'. 1981இல் ஆண்ட்ரூ க்ரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதியது. அதை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024 மே மாதம் புது மெருகோடு முழுசாக வெளியிட்டது. கல்சுவர், தீப்பந்தம், பல்லை இளிக்கும் எலும்புக்கூடு எல்லாம் இப்போது பளபளவென்று இருக்கின்றன. ஆனால் உள்ளே ஓடுவது பழைய ஆப்பிள் நிரல்தான். வேண்டுமானால் அந்தக் காலத்துக் கோட்டுப் படத் திரையையும் ஓர் ஓரமாக ஓடவிட்டுப் பார்க்கலாம். இதன் இசைக்கு 2025இல் கிராமி விருதுகூடக் கிடைத்தது. அந்த இசையில் இவர் காதில் அதிகம் விழுந்திருப்பது ஊருக்குள் ஒலிக்கிற பகுதிதான். பாதாளத்துக்கு என்ன மெட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று இவரிடம் கேட்டுப் பயனில்லை.

விஷயம் போனஸ் பாயின்ட்டில் இருக்கிறது. ஒவ்வோர் ஆளை உருவாக்கும்போதும் ஓர் எண் விழும். வலிமை, அறிவு, பக்தி, உடலுறுதி, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஆறு குணங்கள்; விழுந்த எண்ணை அவற்றுக்குப் பங்கு போடவேண்டும். வழக்கமாக விழுவது 7, 8, 9, 10. வலிமை 11 இருந்தால் ஃபைட்டர், அறிவு 11 இருந்தால் மேஜ், பக்தி 11 இருந்தால் ப்ரீஸ்ட். சாதாரண மனிதர்களுக்கு இதுவே தாராளம். எப்போதாவது ஒருமுறை ஆட்டம் மனமிரங்கி இன்னொரு 10 சேர்த்துப் போடும். 17, 18, 19 என்று விழும். இவரைக் கெடுத்தது அந்த 'எப்போதாவது'தான்.

இவருக்கு முதல் நாளே சாமுராய் வேண்டும். சாமுராய்க்கு வலிமை 15, அறிவு 11, பக்தி 10, உடலுறுதி 14, சுறுசுறுப்பு 10. எல்ஃப் இனத்து ஆளை எடுத்தால் இந்தக் கணக்கை எட்ட 18 பாயின்ட் வேண்டும். சரி, ட்வார்ஃப்? அவனுக்கும் 18. நோம்? அவனுக்கும் 18. மனுஷனென்றால் 23. இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. கேட்காமலே டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் எனக்குக் கூட்டல் போட்டுக் காட்டப்பட்டது. "பாத்தீங்களா சார், எந்தப் பக்கம் சுத்தினாலும் 18லதான் வந்து நிக்குது!" என்றார், ஏதோ சபரிமலைப் படிகளுக்குள் ஒளிந்திருந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்போல.

இவர் ஆள் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். 8 விழும். 'ச்சு' என்று ஒரு சத்தம். ரத்து. மறுபடி முதலிலிருந்து. 7 விழும். இதற்குச் சத்தம்கூடக் கிடையாது. புருவம் மட்டும் ஏறி இறங்கும். ரத்து. 9. ரத்து. 10 விழுந்தால் விரல் ஒரு கணம் நிற்கும். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டிக்கொள்வார். திரையில் இன்னும் 10தான் இருக்கும். "உன்னைக் குத்தம் சொல்லலப்பா, நீ நல்லவன்தான்" என்று அவனிடம் சமாதானம் சொல்லி அனுப்பிவைப்பார். மேஜைமேல் வைத்த டீயில் ஆடை படிந்திருக்கும். அதை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்து, மறுபடி 7.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு போன்.

"சார், 17 சார்!"

"சந்தோஷம். போய் ஆடுங்க."

"என்னத்த சார் ஆடறது? ஒண்ணு குறையுதே!"

குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. 7க்குக் கலங்காத மனிதர் 17க்குக் கலங்கினார். அவனை ஃபைட்டராகவே வைத்துக்கொள்ளுங்கள், லெவல் ஏற ஏறக் குணங்களும் ஏறும், பிறகு சாமுராயாக வகுப்பு மாற்றிக்கொள்ளலாமே என்றேன். மறுமுனையில், விவரம் கெட்டவர்களிடம் பேசும்போது விவரமானவர்கள் விடுகிற பெருமூச்சு. "மாத்தலாம் சார். மாத்தினா லெவல் ஒண்ணுக்கு வந்துடுவான். குணமெல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கிடும். வயசு வேற அஞ்சாறு ஏறிடும். இத்தனை நாள் நல்லா வளர்த்த பையனை அப்படிப் பாக்க மனசு வருமா?"

வளர்க்கவே இல்லை. பெயர்கூட வைக்கவில்லை. அந்த 17க்காரன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் ரத்து செய்யப்பட்டான். அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும், "ஒருதரம் 17 வந்தது" என்று கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன வேலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நின்ஜா என்று இன்னொரு வகுப்பு இருக்கிறது. அதற்கு ஆறு குணமும் 17 இருக்கவேண்டும். எந்த போனஸ் விழுந்தாலும் அது முதல் நாளே கிடைக்காது என்பதால் நாமெல்லாம் பிழைத்தோம்.

இத்தனைக்கும் அந்த 18 எதற்காவது உத்தரவாதமா என்றால், இல்லை. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஆட்டத்தில் சத்திரத்தில் படுத்தெழுந்தால் லெவல் ஏறும். ஏறும்போது குணங்களில் சில கூடலாம். சில குறையவும் செய்யலாம். பார்த்துப் பார்த்து எடுத்த சாமுராய், ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் உடலுறுதியில் ஒன்று குறைந்து நிற்பான். லெவல் ஒன்றில் அவன் உயிர் நாலு அடிக்குத் தாங்கினால் அதிகம். செத்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காசு கட்டவேண்டும். கட்டினாலும் பிழைப்பான் என்பது நிச்சயமில்லை. பலிக்காவிட்டால் சாம்பல். சாம்பலுக்கும் காசு கட்டி அதுவும் பலிக்காவிட்டால் ஆள் மொத்தமாகக் காலி, பெயரே பட்டியலில் இருக்காது. இப்படிப்பட்ட ஊரில் பிறக்கும்போதே 18 இருக்கவேண்டும் என்று பையனுக்கு வரன் பார்க்கிற அம்மா மாதிரி வந்தவனையெல்லாம் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால்?

"அதனாலதான் சார் 18 வேணும்ங்கறேன்" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது?

இவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. பொருள் அடையாளம் சொல்லவென்றே ஒரு பிஷப்பை கில்கமேஷ் மதுக்கடையில் நிரந்தரமாக உட்காரவைத்திருக்கிறார். அடையாளம் சொல்ல ஒரு பொருளும் வரவில்லை. பாதாள வரைபடம் போட கிராஃப் தாள் நோட்டு வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டம் என்பதால் முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துச் சுற்றுச்சுவர் மட்டும் அழகாகப் போட்டு வைத்திருக்கிறார். பத்துப் பக்கமும் அப்படியே. அவற்றை விட்டுவிடுவோம்.

ஆனால் ஒன்றை விடமுடியாது. புதிதாக உருவாகும் ஒவ்வொருவனும் கையில் கொஞ்சம் தங்கக்காசோடு வருவான். அவனைக் கூட்டத்தில் சேர்த்து, காசைப் பிடுங்கி, ஆளை நீக்கிவிடுவது பழம்பெருச்சாளிகளுக்குத் தெரிந்த வித்தை. பொல்டாக் கடையில் நல்ல கவசம் வாங்கவேண்டுமானால் இப்படி நாலு பேரையாவது மொட்டையடிக்கவேண்டும். 8, 9 என்று விழுந்த அபாக்கியவான்களை இவர் இதற்குத்தான் உபயோகிக்கிறார். நீக்கப்போகிறவனுக்கு எதற்குப் பெயர் யோசிப்பது என்று அறிந்தவர், தெரிந்தவர் பெயரை வைத்துவிடுகிறார். இவருடைய ஆபீஸில் பாதிப்பேர் வந்து காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்வீட்டு ரிட்டையர்டு தாசில்தார் இரண்டு தடவை வந்திருக்கிறார். என் பெயரிலும் ஒரு நோம் இருந்தான், போனஸ் 7. என் கண்ணெதிரிலேயே காசைக் கொடுத்தான், மறைந்தான்.

நான் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த கேம் வாங்கப்பட்டதே என் கிரெடிட் கார்டில். "என் கார்டு என்னமோ மக்கர் பண்ணுது சார், நாளைக்கு ஜிபே பண்ணிடறேன்" என்றார். வெளியான புதிது அது. அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. நேரில் கேட்கவும் கூச்சம். கேட்காமல் இருக்கவும் எரிச்சல். சந்திக்கும்போதெல்லாம் கவசம் வாங்கக் காசு பற்றவில்லை என்று என்னிடமே புலம்புகிறார். ஒரு ரூபாய் வட்டிகூட நான் கேட்கவில்லை. அசலைக் கொடுத்துவிட்டு அப்புறம் எல்ஃபாவது நோமாவது எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

இவருடைய மகள் எட்டாவது படிக்கிறாள். அப்பா குளிக்கப் போகிற நேரத்திலும் தூங்குகிற நேரத்திலும் அவள் தனியாக ஒரு பார்ட்டி வைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டும் ஒன்பதுமாக விழுந்த ஆறு பேர். முதல் தளத்திலேயே மர்ஃபியின் பேய்கள் என்று ஒரு சோம்பேறிக் கூட்டம் இருக்கிறது. எத்தனை தடவை போனாலும் அடி வாங்கிக்கொண்டு அனுபவப் புள்ளி தரும். அவற்றை வெளுத்து வெளுத்தே லெவல் ஏற்றியிருக்கிறாள். நாலாம் தளத்தில் காவல் கூட்டத்தை அடித்து நீல ரிப்பனை எடுத்து, அதைக் காட்டி ரகசிய லிஃப்டில் ஒன்பதாம் தளத்துக்குப் போய்விட்டாள். இடையில் ஐந்து முதல் எட்டுவரை உள்ள தளங்களுக்குக் கால் வைக்கவே தேவையில்லையாம். அதற்குக் கீழே ஒரே தளம்தான், வெர்ட்னா என்ற மந்திரவாதி உட்கார்ந்திருக்கும் பத்தாம் தளம். "அங்கிள், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, ஃபீல் பண்ணுவாரு" என்றாள். சொல்லாமலே ஒருநாள் தெரிந்துவிட்டது. மகளின் பார்ட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு இவர் சொன்னது: "எல்லாம் சரி. ஆனா உன் ஃபைட்டருக்கு போனஸ் 8தானே?"

இவரை வைது மட்டும் எழுதிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் க்ரீன்பெர்க் காலமானார். வெர்ட்னா என்ற அந்தப் பொல்லாத மந்திரவாதியின் பெயர், ஆண்ட்ரூ என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது. வெர்ட்னாவிடமிருந்து தாயத்தை மீட்டு வா என்று நம்மை விரட்டும் கிறுக்கு அரசன் ட்ரெபர், ராபர்ட்டைத் திருப்பிப் போட்டது. செய்தி வந்த அன்றைக்கு நான் போனபோது இவர் எதையும் ரத்து செய்யவில்லை. விழுந்த எண்ணையே வாங்கிக்கொண்டு மளமளவென்று ஆறு பேரை எடுத்தார். 7, 9, 8, 7, 10, 8. பெயர்கூட ஏ, பி, சி என்று. "மனுஷன் நாற்பது வருஷத்துக்கு முன்னால எழுதினதை ஒரு தடவையாவது எட்டிப் பாத்துடணும் சார்" என்று பாதாளத்துக்குள் நேரே இறங்கிவிட்டார். கதவை உதைத்துத் திறந்த இரண்டாவது அறையில் ஆறு பேரும் செத்தார்கள். அவ்வளவு நேரத்திலும் இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. மறுநாள் பழையபடி 'ச்சு'.

போன வாரம் ராத்திரி மறுபடியும் போன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, மூச்சு வாங்கியது.

"சார்... 19!"

அப்பாடா என்றிருந்தது. உட்கார்ந்திருந்த நான் எழுந்தே நின்றுவிட்டேன். "போட்டாச்சா? சாமுராய் ஆயாச்சா?"

"அதான் சார் கேக்கலாம்னு கூப்பிட்டேன். 18 சாமுராய்க்குப் போயிடுது. மிச்சம் ஒண்ணு நிக்குது. அதை உடலுறுதில போடவா, அதிர்ஷ்டத்துல போடவா? சுறுசுறுப்புல போட்டா சண்டையில முதல் அடி நம்மது. மூணு நாளா முடிவே பண்ணமுடியல, கம்ப்யூட்டரை அணைக்கல, வீட்ல யாரையும் தொடவிடல."

"முதல்ல எனக்கு ஜிபேல போடுங்க" என்றேன்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.