சம்பந்தி வீட்டு ஹார்டு டிஸ்க்

கோவையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பம்பு உதிரிபாகம் கடையும் எந்தப் பட்டறைக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள். ஆபீஸ் ரூமில் மேசைக்கடியில், ஊதுபத்திச் சாம்பலும் இரும்புத் தூசும் படிந்து ஒரு சர்வர் முனகிக்கொண்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் நம் ஆள். ஒற்றை லேத்தில் ஆரம்பித்து பிரைவேட் லிமிடெட் ஆனவர். அவருடைய டேலிக் கணக்கு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியை மட்டும் அவர் நம்புவதில்லை.

மின்வெட்டுக் காலத்தில் கரண்டோடு ஹார்டு டிஸ்க்கும் போன கதைகளை நிறையக் கேட்டவர். அதனால் சாயங்காலம் ஷட்டர் இறக்குமுன், கணக்கெழுதும் பெண்ணிடம் "அம்மணி, எடுத்தாச்சா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார். திங்கள் முதல் சனி வரை கிழமைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் கிழமை எழுதியிருக்கும். அமாவாசையன்று மெஷின் பூஜை முடிந்ததும் சர்வர் முழுதுக்கும் பெரிய ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல். அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு, ஒயர் சொருகும் ஓட்டையை விட்டுவிட்டு.

கம்ப்யூட்டர் பார்க்க வரும் தம்பிக்கு இது பொறுக்காது.

"ரெண்டு டிஸ்க் போட்டுக்கலாமுங்க. ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதிக்கும்."

"தப்பா ஒண்ணை அழிச்சுட்டா?"

"ரெண்டுலயும் ஒரே நேரத்துல அழிஞ்சுருமுங்க."

"அப்புறம் எதுக்குத் தம்பி ரெண்டு?"

"சரிங்க, கிளவுடுல போட்டுரலாம்."

"அது எந்த ஊருல இருக்குது?"

"மும்பையிலங்க. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலயே இருக்குதுங்க."

"2015ல வெள்ளம் பூந்த ஊருதானே?"

மாதச் சந்தா என்றதும் பேச்சு முடிந்தது. "என்ற கணக்கை வெக்கறதுக்கு நானே வாடகை குடுக்கோணுமா?"

அவர் முறையே வேறு. ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டுப் பீரோவில். மற்றது பொள்ளாச்சியில் சம்பந்தி வீட்டில், மகளின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில். பொங்கல் சீரோடு புது நகல் பொள்ளாச்சி போகும். ஆடி நோம்பிக்கு வரும் மாப்பிள்ளை அதைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிப் போவார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். நம் ஆள் அவரைக் கேள்விப்பட்டதே இல்லை. பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுத்ததில் விதி தானாக அமைந்துவிட்டது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வைரஸும் பீரோவுக்குள் போக முடியாது. எந்நேரமும் சொருகியே கிடக்கும் டிஸ்க்கென்றால் சர்வரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். என்னைக் கேட்டால், பாதி கம்பெனிகளைவிட இவர் ஏற்பாடு தேவலை.

குறை ஒன்றுதான். எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததே கிடையாது. "நல்லா இருக்கறதை எதுக்குங்க நோண்டிக்கிட்டு?" அந்தப் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டேலியில் நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் கொடுத்தால், இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேறு கம்ப்யூட்டரில் விரித்து, போன வாரத்து இருப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். அதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் தம்பி கிட்லேப் கதையை எடுத்தார். 2017 ஜனவரி 31 அன்று அந்த நிறுவனத்து ஊழியர் ஒருவர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது.

நம் ஆள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தயா, கையில எடுத்ததுதான் நின்னுருக்குது!"

இப்போது ஆடிட்டர் ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் அவ்வப்போது பேக்கப் வைத்தால் போதும் என்றிருந்த விதியை, 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று திருத்திவிட்டார்கள்.

"பொள்ளாச்சி இந்தியாவுலதானுங்களே இருக்குது?"

"இருக்குதுங்க. ஆனா தினமும் வெக்கோணுமுங்க."

நம் ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தினமும் சம்பந்தி ஊட்டுக்குப் போய் நின்னா மருவாதையா இருக்குமுங்களா?"