விடுதியியல்: ஜவ்வாது மலைக்கு ஏறுவோர்க்கு ஓர் இலக்கணம்

இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், நடுத்தர வர்க்கத்துத் தமிழ்க் குடும்பம் வெளியூர் போனால் இரவு எங்கே படுக்கும் என்பதை நுதலிற்று. இதை யாத்த காரணம் யாதோ எனின், ஜவ்வாது மலைக்குப் போவது என்று முடிவானதும் மலையைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட, அறையைப் பற்றிய பேச்சு ஒரு வாரம் நீள்வதே காரணம் என்க. பேச்சின் முடிவில் எல்லாக் குடும்பங்களும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: பாதுகாப்பான புறநகரில், வசதியாக, நடுத்தர வாடகையில், பேர் தெரிந்த செயின் ஓட்டல்.

இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும் ஒரு பொருளும் ஜவ்வாது மலையில் இல்லை. அற்றேல், இல்லாத பொருளுக்கு இலக்கணம் எதற்கு என்பாருக்கு: முயற்கொம்புக்கும் ஆகாயத் தாமரைக்கும் தருக்க நூலார் எத்தனை ஏடு செலவிட்டிருக்கிறார்கள் என்பதைக் கருதுக. செயின் ஓட்டலாவது பக்கத்து ஊரில் இருக்கிறது.

முதலில் நிலம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறான ஜவ்வாது மலையைத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மலைக்கும் ஒரு புதுப் பங்காளி கிடைத்தார். மலைக்கு நடுநாயகம் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்து ஏறினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கே வனத்துறை விடுதியும் சில தனியார் காட்டேஜ்களும் உண்டு. பீமன் அருவி உண்டு. சாமையும் தேனும் பலாவும் உண்டு. வரவேற்பறையில் செயற்கை ஆர்க்கிட் வைத்த ஓட்டல் இல்லை. ஆகவே அவ்வகை அறை வேண்டுவோர் மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குள்தான் தேட வேண்டும்: வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், போளூர், திருவண்ணாமலை.

இனி 'செயின்' என்னும் அடைமொழி. இது அமெரிக்கச் சரக்கு என்று நினைப்பவர் உளர். அவர்கள் சொல்லும் மூலவர் கெம்மன்ஸ் வில்சன். 1951-இல் ஐந்து பிள்ளைகளோடு காரில் போனவரிடம், வழியோர விடுதிக்காரர்கள் பிள்ளைக்கு இரண்டு டாலர் வீதம் கூடுதலாகக் கேட்டார்கள். கோபம் கொண்டவர் 1952-இல் மெம்பிஸ் நகரில் முதல் 'ஹாலிடே இன்' திறந்தார். அங்கே பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் காசில்லை. உலகத்துச் செயின் ஓட்டல்களின் ஆதிமூலம் எக்ஸ்ட்ரா பெட் சண்டை என்பதைத் தமிழ் வாசகர் உடனே உணர்வர்.

ஆனால் ஒரே விதி, ஒரே தரம், வழி நெடுக என்பதுதான் செயின் என்றால், தஞ்சை மராட்டியரின் சத்திரங்களை எங்கே வைப்பது? தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் வரை பாதையோரம் வரிசையாக இருந்தன. சாதி, ஊர் பாராமல் யாத்திரீகருக்குச் சோறு போட்டன. 1802-இல் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் அவ்வரிசையில் புகழ் பெற்றது. பின்னர் கம்பெனியாரும் அவர்களுக்குப் பின் வந்தோரும் கட்டிய டிராவலர்ஸ் பங்களாக்கள். அவற்றிலும் எந்த ஊருக்குப் போனாலும் அதே வராந்தா, அதே சாய்வு நாற்காலி. அதன்பின் 1938-இல் கிருஷ்ணா ராவ் சென்னையில் தொடங்கிய உட்லண்ட்ஸ். 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பிறந்து, 'ஓட்டல் தமிழ்நாடு' என்று ஊருக்கு ஊர் ஒரே பெயர்ப்பலகை வைத்தது. இன்றைய பொருளில் 'புறநகர் நடுத்தர செயின்' என்பதற்குச் சுத்தமான எடுத்துக்காட்டு 2004-இல் டாடா குழுமத்தின் இந்தியன் ஓட்டல்ஸ் பெங்களூரு வைட்ஃபீல்டில் திறந்த 'இண்டிஒன்'. பிற்காலத்து 'ஜிஞ்சர்' அதுவே. 2013-இல் வந்த ஓயோவைச் செயின் என்பதா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலகை ஒன்றாகவும் தலையணை வேறாகவும் இருப்பதால் அதைப் போலி என்னும் பகுதியில் வைப்பது என் துணிபு.

செயினையும் லாட்ஜையும் பிரித்தறிய ஆர்க்கிட், ஏ.சி., டை கட்டிய பையன் எவையும் உதவா. ஒரே உரைகல்தான்: செக்-அவுட். தமிழ்நாட்டு லாட்ஜ், நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் தரும். மாலை ஏழுக்கு வந்தால் மறுநாள் ஏழு வரை உங்கள் அறை. செயின் ஓட்டல் பகல் இரண்டுக்கு உள்ளே விட்டு, மறுநாள் பன்னிரண்டுக்குள், சில இடங்களில் பதினொன்றுக்குள், வெளியே அனுப்பும். ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரத்தை விழுங்கிவிட்டு முழு நாள் வாடகை வாங்குவதைச் செயின் ஓட்டலின் சிறப்பிலக்கணம் என்க. பேருந்தில் விடியற்காலை வந்து இறங்கும் குடும்பத்துக்கு லாட்ஜே உயர்திணை.

'நடுத்தரம்' என்னும் அடைமொழியை வரையறுக்கத் தத்துவ ஆசிரியர் தேவையில்லை. அந்த வேலையை வரித்துறை ஏற்றுக்கொண்டது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 1000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி இல்லை. ஏழ்மைக்கு அரசு அளித்த இலக்கணம் அது. 2022 ஜூலையில் அதற்கும் 12 விழுக்காடு போட்டார்கள். ஒரே இரவில் ஏழைகள் நடுத்தர வர்க்கமாக உயர்ந்தனர். 2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையிலான அறை எல்லாவற்றுக்கும் 5 விழுக்காடு. ஆக இன்று ஒரு நாளைக்கு 700 ரூபாய் கொடுப்பவரும் 7000 ரூபாய் கொடுப்பவரும் வரி இலக்கணத்தில் ஒரே சாதி. சமத்துவம் வேறு எந்தத் துறையில் இவ்வளவு விரைவில் வந்தது?

'பாதுகாப்பு' என்பதே இந்நூலின் உயிர்நிலை. விடுதி தேடுவோர் வசதியைத் தேடுவதாகச் சொல்வர், தேடுவது அச்சமின்மையை. எனவே விடுதிகளை வகைப்படுத்துவதற்கு முன் அச்சத்தை வகைப்படுத்த வேண்டும். நற்பேறாக அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. அச்சம் நான்கிடத்துப் பிறக்கும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறது: வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம் அரசன். ஓட்டல் முன்பதிவு செய்வோருக்கென்றே எழுதியதோ என்று ஐயுறும் அளவுக்குப் பட்டியல் முழுமையானது.

விலங்கச்சம் கொண்டோர் மலையில் தங்க மறுப்பர். ஜவ்வாது மலையில் கரடி உண்டு, காட்டுப்பன்றி உண்டு, பாம்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சமவெளிக்கு இறங்கிவிட்டால் விலங்கு தீர்ந்தது என்பது மயக்கம். அங்கே மூட்டைப்பூச்சி. செயின் ஓட்டல் வெள்ளை விரிப்பு போடுவதன் உட்பொருள் இதுவே: எதையும் மறைக்கவில்லை என்னும் உறுதிமொழி அது. அடர்ந்த மெரூன் நிறத்தில் பெரிய பெரிய பூப்போட்ட விரிப்பைக் கண்டால், அதன் வரலாற்றை ஆராயாமல் வேறு அறை கேட்பது நன்று.

கள்வர் அச்சத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் கள்வரை இக்காலத்து விடுதியில் காண்பது அரிது. மேசைமேல் 'உங்களுக்காக' என்று வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டியில் எது இலவசம், எது பில்லில் ஏறும் என்று கேட்டு வைத்துக்கொள்க.

அரசச்சம் நுட்பமானது. வனப்பகுதிக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். கீழே, ஆதார் நகல் வேண்டும். வெளிநாட்டு உறவினர் உடன் வந்தால் ஓட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தால் சில லாட்ஜ்களில் வரவேற்பாளரே அரசனாகி, "என்ன உறவு சார்?" என்பார். மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை என்பதைக் கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு எல்லா வரவேற்பு மேசைகளையும் சென்று சேர்ந்ததாகத் தெரியவில்லை. செயின் ஓட்டலின் உண்மையான பயன் இங்கேதான்: அங்கே கேள்வி கேட்பதற்கு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

வருத்தும் தெய்வத்தால் பிறக்கும் அச்சம், பதின்மூன்றாம் எண் அறை பற்றியதன்று. அது திருவண்ணாமலையில் பௌர்ணமி வாடகை பற்றியது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மாதந்தோறும் லட்சக்கணக்கில் மக்கள் நடக்கும் இரவில், நேற்று நடுத்தரமாக இருந்த அறை இன்று உயர்தரமாகிவிடும். அறையில் ஒரு மாற்றமும் இராது. கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம்.

எஞ்சியது 'புறநகர்'. வேலூரில் அதற்குச் சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று மூன்று பெயர் சொல்வார்கள். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் அகலத் தெருவும் நல்ல விளக்கும் உண்டு. காட்பாடியில் ரயில் சந்திப்பும் வி.ஐ.டி. மாணவர்களும். நெடுஞ்சாலை ஓரம் கிரீன் சர்க்கிள் பக்கம் ஜி.ஆர்.டி. குழுமத்தின் ரீஜென்சி சமீரா இருக்கிறது. பெங்களூருச் சாலையில் வருவோருக்கு இலக்கணம் முழுதும் பொருந்தும் விடுதி என்று அதைக் காட்டலாம். எனினும் புறநகர்தான் பாதுகாப்பு என்னும் கொள்கையை நான் ஏற்கவில்லை. சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள அமைதியான தெருவில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் மாத்திரை வாங்க இறங்கினால் நாய்கள்தான் துணை. நகர நடுவில், சி.எம்.சி. மருத்துவமனை எதிரே காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நிலைமை வேறு. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய அம்மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து சேர்கிறார்கள். பலகைகளில் வங்க எழுத்து, அறைக்குள் சமையல் மேடை, மீன் குழம்பு வாசனை, நேரங்கெட்ட நேரத்திலும் மருந்துக் கடை வெளிச்சம். தனியாக ஒரு பெண் எந்த நேரமும் நடக்கக்கூடிய தெரு எனக்குத் தெரிந்து அங்கே அதுதான். ஆனால் அவ்வறைகள் நோயாளியோடு மாதக் கணக்கில் தங்குவோருக்கு உரியவை. அருவி பார்க்க வந்தவர் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது அறமன்று.

ஒழிபு. மேற்கூறிய அனைத்தையும் குலைக்கும் ஒரு விதிவிலக்கு மலைமேல் உண்டு. ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூரில், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வானியலாளர் வேணு பாப்பு இடம் தேர்ந்தெடுத்த வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. ராமானுஜன் பெயர் பெற்ற குறுங்கோளை 1988-இல் இங்கிருந்துதான் கண்டார்கள். மலையில் செயின் ஓட்டல் இல்லாததை எண்ணி ஏங்குவோர் கவனிக்க: நான்கு மாடியும் நீல நியான் பலகையும் அங்கே எழுந்தால் முதலில் குருடாவது அத்தொலைநோக்கியே. அங்கு தங்கும் வானியலாளர்கள் பகலில் உறங்கி இரவில் விழிப்பவர்கள். பன்னிரண்டு மணிச் செக்-அவுட் அவர்களுக்கு நள்ளிரவில் எழுப்புவதற்குச் சமம்.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். வானம் ஒத்துழைத்தால் இரவில் சிறிய தொலைநோக்கியில் பார்க்கவும் விடுவார்கள். ஆகவே மலையில் பார்க்கத்தக்கது இருட்டிய பின்னரே தொடங்குகிறது. வேலூரிலோ திருவண்ணாமலையிலோ முன்பணம் கட்டியவர், சனிக்கோளின் வளையத்தில் பாதியைப் பார்க்கும்போதே ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்ப்பார். காவலூருக்காகப் போகிறவர் வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ ஒரு சாதாரண லாட்ஜைப் பிடிக்கட்டும். விரிப்பின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நாளையும் பார்த்துக் குறிக்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டி வரும் சனிக்கிழமையில் திருவண்ணாமலையில் அறை கிடைக்காது, காவலூரில் நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரியாது. அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையில் இரண்டும் கிடைக்கும், வாடகையும் குறைவு.