பிட்ரேட் அண்ணன்

தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று திருவொற்றியூரில் எந்தப் பக்கம் போனாலும் வீட்டிலேயே பாட்டுப் பதிகிற பையன்களுக்குக் குறைவில்லை. கானா உண்டு, மாதா பாட்டு உண்டு, வடிவுடையம்மன் பாட்டும் உண்டு. அத்தனை பேரும் ஒருநாள் வசமாக மாட்டிக்கொள்கிற ஆள்தான் பிட்ரேட் அண்ணன். கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் மிச்ச நேரமெல்லாம் சவுண்டு ஆராய்ச்சிதான்.

"எம்பி3-லயா பதியிற?" என்று அவர் கேட்கிற தோரணை, மகன் சட்டைப் பையில் பீடியைக் கண்டெடுத்த அப்பா கேட்பதுபோல் இருக்கும்.

அப்புறம் பாடம். காதுக்குத் தெரியாது என்று தனக்குத் தோன்றுவதையெல்லாம் எம்பி3 வெட்டி எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான், பிறகு எதையும் சுருக்காத வேவ் ஃபைலாக மாற்றினாலும் திரும்பி வராது. ஃபிளாக் எதையும் எறியாமல் மடித்து வைக்கும். சிடி தரத்து வேவ் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. இதுவரை அண்ணன் சொல்வது அத்தனையும் சரி. இத்தோடு நிறுத்தினால் கையெடுத்துக் கும்பிடலாம். நிறுத்த மாட்டார்.

அவர் பதிவதெல்லாம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். நிமிஷத்துக்குச் சுமார் 35 எம்பி. 24 பிட்டிலாவது ஒரு நியாயம் இருக்கிறது: லெவலைத் தாழ்த்தியே பதியலாம், உச்சத்தில் கத்தினாலும் குரல் உடையாது. 96 வைத்தாலோ அதில் பாதி, 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பதியும். மனுஷக் காது 20-லேயே கடையைச் சாத்திவிடும். அதற்கு மேல் கேட்க வௌவால்தான் வர வேண்டும். அண்ணனுக்கு வயசு ஐம்பது தாண்டிவிட்டது. காலிங்பெல் அடித்தால் அண்ணிதான் சொல்ல வேண்டும்.

பதிவு நாளன்று ஜன்னலுக்கு மெத்தை, கதவிடுக்கில் பழைய லுங்கி, ஃபேன் கட். வேர்க்க வேர்க்க ஹெட்போன் மாட்டி, "மைக் டெஸ்டிங், ஒன், டூ..." என்பார். த்ரீ வருவதற்குள் எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஏர்ஹாரன் அடிக்கும். மெத்தைக்கெல்லாம் அது மசியாது. 24 பிட்டில் பிசிறில்லாமல் பதிந்துவிடும். அடுத்த டேக்கில் அண்ணி: "இன்னாங்க, குக்கர் வெக்கலாமா, கூடாதா?" அதுவும் பதிவாகும். ரெண்டு டெராபைட் டிஸ்க்கைத் துழாவினால் ஹாரன் இருக்கும், குக்கர் இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. கேட்டால், "செட்டிங் இன்னும் செட் ஆவல."

இதற்குள் எதிர்வீட்டுப் பையன் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போனிலேயே ஒரு கானாவைப் பதிந்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டான். போர்வை எதிரொலியைக் குடித்துவிட்டது. வாய்க்குப் பக்கத்தில் மைக் இருந்ததால் லாரிச் சத்தம் அடங்கிவிட்டது. அவனுக்குத் தெரிந்த செட்டிங் அவ்வளவுதான். தெருவே கேட்டது. அண்ணன் அவனை மடக்கினார்.

"128 கேபிபிஎஸ்தானே வெச்ச? 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இல்ல, மொட்டையா கீது."

"அத்த வுடுண்ணா. பாட்டு எப்டி கீது?"

"பாட்டா? அத்த எங்கடா கேட்டேன், கிராஃப் பாத்துனு இருந்தேன்!"