கோழி மேய்க்கத் தயார்

அனுப்புநர்: வேலையற்ற பட்டதாரி, மாங்கேணி, கோறளைப்பற்று வடக்கு.

பெறுநர்: செயலாளர், பொது நிர்வாக அமைச்சு, சுதந்திர சதுக்கம், கொழும்பு 07.

விடயம்: இலட்சிய முதலாளியாகத் தங்களைத் தெரிவுசெய்தமை

ஐயா / அம்மணி,

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், நாட்டிலுள்ள முதலாளிமார் அனைவரையும் நாங்கள் பரிசீலித்து முடித்துவிட்டோம். முதலாமிடம் தங்களுக்கே. இரண்டாமிடத்துக்கு ஒருவரும் தகுதி பெறவில்லை. தாங்கள் இதற்கு விண்ணப்பிக்கவில்லை என்பது தெரியும். நாங்கள் விண்ணப்பித்தவற்றுக்கெல்லாம் பதில் வந்ததா என்ன? ஆகவே கணக்குச் சரி.

02. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குச் சோம்பல், அதனால்தான் அரசாங்க உத்தியோகம் என்று அலைகிறார்கள் என்று கொழும்பு மண்டபங்களில் குளிரூட்டியைப் போட்டுவிட்டுப் பேசுகிறார்கள். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கணும் புள்ள" என்று அம்மா சொல்வதை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனவே தெரிவுக்கான காரணங்களைக் கோவையில் இடுவது அவசியமாகிறது.

03. முதலாவது தகைமை, காணாமல் போகாமை. எங்கள் பக்கம் முதலாளிமார் வந்த கதையைவிடப் போன கதைதான் கூட. கரைவலைச் சம்மாட்டி மோசமானவர் இல்லை. மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் கடன். வாடை தொடங்கினால் கடலுக்கும் லீவு, அடுப்புக்கும் லீவு. வாழைச்சேனையில் 1956 தொடக்கம் வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்த ஆலை இருந்தது. அதில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்கு ஊரில் தனி மரியாதை. யுத்தமும் நட்டமும் பழைய இயந்திரமும் சேர்ந்து ஆலையைப் படுக்கவைத்தன. அதன்பின் ஆலையை எழுப்பப்போவதாக வந்த அறிக்கைகளுக்குச் செலவான காகிதத்தையாவது அங்கேயே செய்திருக்கலாம்.

04. 2004 சுனாமிக்குப் பின் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் வந்தன. வெள்ளை வாகனம், கழுத்தில் அட்டை, ஊர் கண்டிராத சம்பளம். 2006 கடைசியில் சண்டை மூண்டு வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பிவந்தபோது மீள்குடியேற்றம் என்று மறுபடி வந்தன. திட்டக்காலம் முடிந்ததும் ஒரு குழுப்படம், ஒரு கேக், ஒரு நற்சான்றிதழ். அந்தச் சான்றிதழில் உள்ள தொலைபேசி இலக்கத்தை இப்போது அழைத்தால், பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொல்கிறாள்.

05. தாங்களோ அப்படியில்லை. வாகரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்திலும் அங்கு படிப்பித்த ஆசிரியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடே கையை விரித்த மாதத்திலும் சம்பளம் போட்டீர்கள். எதிரியின் பக்கத்துக்கும் சம்பளம் அனுப்பி, வங்குரோத்திலும் சம்பளம் கொடுத்த முதலாளி உலகத்தில் வேறு எவர்?

06. சம்பளம் பற்றி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னீர்கள். தனியார் துறையின் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் அந்த ஆண்டு ஏப்ரலில் 27,000; 2026 ஜனவரியில் 30,000. அதாவது பிறருக்கு எவ்வளவு போதும் என்று சட்டம் போட்டவர்களே, தமக்கு அது போதாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கைப் பார்த்தபின் தனியார் துறையில் சேராத பிள்ளைக்குச் சோம்பல் என்கிறார்கள். கணிதத்தில் சித்தி என்பதே சரியான சொல்.

07. லீவு பற்றி. வருடத்துக்கு 21 அமய லீவும் 24 ஓய்வு லீவும் உண்டு. 2022 ஜூனில் எரிபொருள் இல்லாதபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமையையும் விட்டுக்கொடுத்தீர்கள். அதே மாதம், ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பும் பென்சனும் அப்படியே இருக்கும் என்று சுற்றறிக்கை விட்டீர்கள். தன்னிடம் வேலை செய்யாமல் இருப்பதற்கும் இவ்வளவு வசதி செய்து தரும் முதலாளியை விட்டுவிட்டு வேறெங்கே போவது?

08. ஒப்பீட்டுக்கு, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தையல் தொழிற்சாலை. விடியமுன்னே பஸ் வரும். மணிக்கு இத்தனை துண்டு என்று டார்கெட். மாத முடிவில் வருகைக் கொடுப்பனவு என்று ஒன்று தருவார்கள். ஒருநாள் நிற்காவிட்டால் அது போய்விடும். மச்சாளின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது 28ஆந் திகதி. அதுவரை வந்த நாட்களையெல்லாம் அந்த ஒரு நாள் விழுங்கியது. வேறொரு இடத்தில் ஆள்வழங்கும் ஒப்பந்தக்காரர் ஊடாகத்தான் சேர்ப்பு. அங்கே நியமனக் கடிதம் கேட்டவளிடம், "கடிதமா தைக்கப் போறீங்க, சட்டையா?" என்று கேட்டாராம் மேற்பார்வையாளர். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் போடவேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு வயது போய்விட்டதால் இங்கே வர அதற்கும் கால் நோகிறது போலும்.

09. தங்களிடமும் சில குறைகளை அவதானித்துள்ளோம். 2017 பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், மாதக்கணக்கில் இருந்தார்கள். 2020 இல் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை 20,000 ரூபாவுக்குப் பயிலுநராக எடுத்தீர்கள். எதைப் பயில்வது என்ற விபரம் பின்னால் வரும் என்றார்கள். கதிரை கிடைத்தவர் உத்தியோகத்தர், கிடைக்காதவர் வெளிக்கள உத்தியோகத்தர் என்று ஊரில் ஒரு பகிடி உண்டு. மேலும், வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகப் புறப்பட்ட தாய்மாரிடம் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டு, பிள்ளையின் வயதை விசாரித்தீர்கள். போக நினைத்ததற்கு என்ன பின்னணி என்ற கூடு மட்டும் அந்தப் படிவத்தில் இருக்கவில்லை.

10. எனினும் தெரிவில் மாற்றமில்லை. காரணம், தாங்கள் நல்ல முதலாளி என்பதல்ல. மற்றவர்கள் அதைவிட மோசம் என்பதே. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை ஏற்கெனவே வைத்திருக்கும் தங்களிடம் மாங்கேணியையும் தலையில் சுமக்கச் சொல்வது முறையல்ல. ஆகவே வேலை கேட்கவில்லை. தங்கள் குணத்தில் மூன்றைத் தனியாருக்கு இரவல் கொடுக்கும்படி கேட்கிறோம்: கையில் ஒரு நியமனக் கடிதம், நிதியத்தில் ஒழுங்காக விழும் பணம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வெட்டப்படாத சம்பளம். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. தொழில் திணைக்களத்து அதிகாரி ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல், ஏ15 பாதையில் அந்த விடியற்காலைப் பஸ்ஸில் ஒருநாள் ஏறினால் போதும்.

11. இவை நடந்தால் தங்களை முதலாமிடத்திலிருந்து இறக்குவதற்கு எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. நடக்கும்வரை, அல்லது வர்த்தமானியில் வழக்கமாக வரும் 35 வயதெல்லையைத் தாண்டும்வரை, பதிவுத் தபாலில் தொல்லை தொடரும்.

இவ்வண்ணம்,
வேலையற்ற பட்டதாரி

பிரதிகள்:
1. கிராம உத்தியோகத்தர் – தகவலுக்காக
2. முதலீட்டாளர் மாநாடுகளில் பேசுவோர் – அடுத்த உரைக்காக
3. மாப்பிள்ளை வீட்டார் – நியமனக் கடிதம் வரும்வரை பொறுத்தருள்வதற்காக
4. அம்மா – கோழிகளைத் தயார் நிலையில் வைத்திருப்பதற்காக