போகப் போகிற முடிக்கு ஒரு திட்டக் கமிஷன்

எங்கள் குடும்பத்தில் திட்டம் போட்டு நடந்த காரியம் என்று ஒன்றும் கிடையாது. திண்டுக்கல்லில் அப்பா கட்டிய வீட்டில் மாடி எழும்பிய பிறகுதான் மாடிப்படி ஞாபகம் வந்தது. அது இன்றைக்கும் வீட்டுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. பென்ஷனுக்கு எந்தப் படிவம் என்று ரிட்டயர் ஆன மறுநாள் விசாரித்தவர் அவர். அக்கா கல்யாணத்தில் எத்தனை இலை விழும் என்று யாரும் கணக்குப் பார்க்காததால் மூன்றாம் பந்தியில் ரசத்தின் நிறம் மாறிவிட்டது. இந்த வம்சத்தில் பிறந்த என்னிடம் இன்று ஒரே ஒரு விஷயத்துக்கு நீண்டகாலத் திட்டம் ஒன்று எழுத்தில் இருக்கிறது. இன்னும் கொட்டாத என் தலைமுடி எந்தப் பக்கமாக, எவ்வளவு தூரம் கொட்டும், கொட்டினால் என்ன செய்வது என்பதே அது. உயில் இன்னும் எழுதவில்லை.

1951இல் நாட்டுக்கு முதல் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர், ஆண்களின் வழுக்கை எந்தெந்தக் கட்டமாக முன்னேறுகிறது என்று வகைபிரித்து வெளியிட்டார். 1975இல் நார்வுட் என்ற மருத்துவர் அதைத் திருத்தி ஏழு படிகளாக்கினார். முதல் படியில் தலை நிறைய முடி. ஏழாம் படியில் காதிலிருந்து காது வரை பின்பக்கமாக ஒரு பட்டை மட்டும் மிஞ்சும். நாடு 2017இல் பன்னிரண்டாவது திட்டத்தோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. ஏழு படி மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்தப் படிகளைப் பற்றிப் படித்தவர்கள் யாரும் இல்லை. ஏறியவர்கள் உண்டு.

தாத்தா குடுமிக்காரர். முன்தலையை மழித்துவிட்டு, பின்னால் இருப்பதை முடிந்துகொள்வார். போக வேண்டிய முடியை அது போகும் முன்பே அவராக வெளியேற்றிவிட்டதால், வழுக்கைக்கு அவரிடம் செய்ய வேலை இல்லை. அப்பா காலத்தில் கிராப்பு வந்தது, கூடவே வழுக்கையும் வெளியே வந்தது. அவருடைய கல்யாண போட்டோவில் நெற்றியில் சுருள்முடி புரள்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் ஆறாம் படியில் இருந்தார். நடுவில் நடந்ததைப் பற்றி யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. முன்சொட்டை விழுந்தால் பணம் வரும் என்று பாட்டி சொல்லிவைத்தாள். முடி சொன்னபடி போனது. பணம்தான் விலாசம் தெரியாமல் எங்கோ நின்றுவிட்டது.

காரணம் கேட்டால் கைவசம் நிறைய இருந்தன: போர் தண்ணீர், எண்ணெய் வைக்காதது, ஹெல்மெட், ராத்திரிக் கண்விழிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தாய்மாமன். சொட்டை என்பது தாய்மாமன் சீர் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. அது பாதி உண்மை. ஆண் ஹார்மோனுக்கு முடிவேர் எப்படி இணங்கும் என்பதைத் தீர்மானிக்கிற முக்கியமான மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; ஆண்பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். மீதிப் பாதிக்கு அப்பா வழியும் பொறுப்பு, பல மரபணுக்கள் கூட்டாகச் செய்கிற வேலை இது. எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் குறைவில்லாமல் வந்தது.

வைத்தியமும் அப்போது வீட்டோடு முடிந்தது. கரிசலாங்கண்ணித் தைலம் ஒரு சீசா. பூச்சிவெட்டுக்குத் தேய்க்கிற சின்ன வெங்காயத்தைச் சொட்டைக்கும் தேய்த்தார்கள். தலையணை உறையெல்லாம் நெடி ஏறியது, முடி மசியவில்லை. சித்தப்பா ஒருவர்தான் கடைசிவரை போராடினார். இடது காதுக்கு இரண்டு விரல் மேலே வகிடு எடுத்து, அங்கே வளர்த்துவைத்த முடியை உச்சி வழியாக வலது காதுவரை கொண்டுபோய்த் தேங்காய் எண்ணெயால் படியவைப்பார். பழனி பஸ்ஸில் ஜன்னலோர சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். அதை வேண்டுமானால் திட்டம் எனலாம். ஆனால் மறுநாள் காலை வரைக்கும்தான் செல்லும். மற்றபடி சொட்டையால் யாருக்கும் எந்தக் காரியமும் நின்றதில்லை. திரையில் அடர்ந்த முடியோடு வந்த ரஜினி, வெளியே இருக்கிற தலையோடு வந்தார். யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். சொன்னவர், முடி நடுகிற இடத்தில் ஒரு கிராஃப்ட் என்ன விலை என்று விசாரித்திருக்கமாட்டார்.

நான் விசாரித்தேன். சென்னையில் ஒரு கிளினிக். கல்லூரி அடையாள அட்டையை எடுத்துப் போயிருந்தேன், அதில் இருக்கிற நெற்றிதான் வேண்டும் என்று. டாக்டர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அது இருக்கட்டும் சார். உங்க அப்பா போட்டோ இருக்கா?”

வாட்ஸ்அப்பில் காட்டினேன். தாய்மாமாவைக் கேட்டார், காட்டினேன். சித்தப்பாவைக் காட்டியபோது வகிட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட என் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு துருவி விசாரித்ததில்லை.

“இப்ப நீங்க மூணுல இருக்கீங்க. போற இடம் ஆறு. நான் மூணுக்கு வேலை பார்க்க முடியாது சார், ஆறுக்குத்தான் பிளான் பண்ணணும்.”

ஸ்கேல் வைத்துப் புருவ மத்தியிலிருந்து எட்டு சென்டிமீட்டருக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார். இரண்டு பக்கமும் உள்வாங்கி விட்டிருந்தார். ஒரு விரல்கடை கீழே இறக்கக்கூடாதா என்றேன். “இறக்கலாம். அறுபது வயசுல திரும்ப மேலே ஏத்த முடியாது” என்றார்.

அதன் பிறகு அவர் சொன்ன கணக்குதான் என்னைத் திட்டக் கமிஷன் ஆக்கியது. பின்தலை முடியை எடுத்து முன்னால் நட்டால், இடம் மாறினாலும் அது தன் பின்தலைக் குணத்தோடேயே வளரும். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952இல் நட்டுப் பார்த்து, 1959இல் எழுதினார். முன்தலை வேர்களைச் சூம்பவைக்கிற டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்குப் பின்தலை வேர்கள் அவ்வளவாக அசைவதில்லை. அவர் காலத்தில் நாலு மில்லிமீட்டர் வட்டமாகத் தோண்டிக் கொத்துக் கொத்தாக நட்டார்கள். ‘பொம்மை முடி’ என்று ஊர் சிரித்தது. இப்போது ஒன்றிலிருந்து நாலு முடிவரை உள்ள சின்னச் சின்ன வேர்க்கூட்டமாக எடுத்து நடுகிறார்கள்; அதுதான் கிராஃப்ட். பார்த்தால் தெரியாது.

தெரியாததில்தான் வம்பு. நட்ட முடி நின்றுவிடுகிறது, கூடப் பிறந்த முடி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டு முன்வரிசையைத் தாழ்வாக, நெருக்கமாக நட்டுக்கொண்டவருக்கு நாற்பதில் முன்வரிசை மட்டும் அப்படியே இருக்கும், அதற்குப் பின்னால் வெட்டவெளி. உச்சியில் முதலில் நட்டவர் பாடு இன்னும் மோசம். நட்ட இடம் நடுவில் திட்டாக நிற்க, அதைச் சுற்றிச் சொட்டை வட்டம் போட்டுக்கொண்டு விரியும்.

சரி, விரிய விரிய நட்டுக்கொண்டே போனால் என்ன? பின்தலை பூர்வீக நிலம். விற்கலாம், புதிதாக வாங்க முடியாது. எடுத்த இடத்தில் வேர் மறுபடி முளைக்காது. ஆளுக்கு ஆள் மாறினாலும், ஆயுசுக்கும் சேர்த்துப் பலருக்கு நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் கிராஃப்ட் கிடைத்தால் பெரிய விஷயம். ஆறாம் படி வழுக்கை ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். இயற்கையில் சதுர சென்டிமீட்டருக்கு எழுபது எண்பது வேர்க்கூட்டம் இருக்கும். கண்ணை ஏமாற்ற முப்பத்தைந்து போதும். அப்படிப் பார்த்தாலும் 7,000 வேண்டும். கையிருப்பு அதற்குக் குறைவு. பட்ஜெட் போடும்போதே துண்டு விழுகிறது.

ஆகவே திட்டம். முன்னால் மட்டும் நடுவது. முகத்துக்குச் சட்டம் போடுவது அதுதான். உச்சி கடைசி, அல்லது கிடையவே கிடையாது. கையிருப்பில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. ஐம்பது வயதில் முன்வரிசைக்குப் பின்னால் பள்ளம் விழுந்தால் அதை நிரப்ப வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே, தலையைத் துவட்டிய பிறகு மனைவி ஸ்டூலில் ஏறி நின்று உச்சியைப் போட்டோ எடுக்க வேண்டும். பாதி அடர்த்தி போகும்வரை கண்ணாடி காட்டிக்கொடுக்காதாம். அவள் எடுத்த படங்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் பையனின் பிறந்தநாள் போட்டோக்கள் இவ்வளவு ஒழுங்காக இல்லை.

கூடப் பிறந்த முடியைப் பிடித்துவைக்க மருந்து. மினாக்சிடில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால், தலையில் தடவுகிற மருந்தாகி 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபினாஸ்டரைடு 1992இல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு ஐந்து மில்லிகிராமாக வந்து, 1997இல் முடிக்கு ஒரு மில்லிகிராமாக இறங்கியது. சிலருக்கு ஆசை குறையலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார். நிறுத்தினால், பிடித்துவைத்த முடி ஒரு வருஷத்துக்குள் பழைய பாக்கியோடு சேர்ந்து போய்விடும் என்பதையும் சொன்னார். நட்டது நிரந்தரம் என்று பணம் கட்டியவன், நடாததுக்காகத் தினமும் மாத்திரை விழுங்குகிறேன்.

அப்பாவுக்கு எழுபதுக்கு மேல் பிராஸ்டேட் தொந்தரவு வந்தது. எழுதிக்கொடுத்த சீட்டில் அதே மருந்து. எங்கள் இருவரின் அட்டைகளும் ஒரே டப்பாவில், சின்னதும் பெரியதுமாக. ஒருநாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“ஏண்டா, நீ ஒண்ணு சாப்பிட்டு முடியைப் பிடிச்சு வெச்சிருக்கே. நான் அஞ்சு சாப்பிடறேன். எனக்கு ஏன் முளைக்கல?”

“இருக்கறதைக் காவல் காக்கும்ப்பா. போனதைக் கூட்டிட்டு வராது.”

“காக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவனுக்கு நிம்மதிதான் போ” என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தார்.

அவருக்கு முடி ஒரு தடவைதான் போனது. எனக்கு, தலையிலேயே இருந்துகொண்டு தினமும் போகிறது.

அம்மா தன் பங்குக்கு ஒரு திட்டம் வைத்திருந்தாள். நட்ட முடி சில வாரத்தில் உதிர்ந்துவிட்டுத்தான் மூணு நாலு மாதத்தில் மறுபடி முளைக்கும். உதிர்வதைப் பார்த்துப் பதறிப்போய் வேண்டிக்கொண்டிருக்கிறாள்: “நல்லபடியா முளைச்சா பழனியில மொட்டை போடறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன் கண்ணு.” முளைத்தால் எடுத்துவிடுவது என்று ஒப்பந்தம். டாக்டரைக் கேட்டேன். கத்தி வேரைத் தொடாது, ஒரு வருஷம் போனதும் தாராளமாகப் போடலாம் என்றார். சாக்குச் சொல்லிச் சில வருஷம் தள்ளினேன். 2021இல் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். நடுவதற்கு மாதத் தவணை, எடுப்பதற்கு இலவசம். இனிமேலும் தள்ள முடியவில்லை.

மலையடிவாரத்தில் முடி எடுத்தவர் தண்ணீர் தெளித்துப் பிசைந்தபோதே விரலை நிறுத்தினார். “முன்னாடி நட்டதா சார்?” பிடரிப் பக்கம் மழித்து முடித்ததும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்திருக்க வேண்டும், எடுத்த வேர்களின் தடம். தோலைப் பட்டையாகக் கீறி எடுத்திருந்தால் நீளமாக ஒரு தழும்பே இருந்திருக்கும். எல்லாம் கைவிட்டால் கடைசியில் மொட்டையாவது போட்டுக்கொள்ளலாம் என்று, என் டாக்டர் யோசித்துத்தான் இந்த வழியைச் சொன்னார். அதுவும் திட்டத்தில் ஒரு விதி. மறுநாள் கண்ணாடியில் பார்த்தேன். முன்னால் நட்ட இடம் கருநீலமாக அடர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் நிறம் வெளுத்துக்கொண்டே போய் உச்சியில் பளபளவென்று இருந்தது. அப்பாவின் தலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மழித்த பிறகுதான் தெரிந்தது. மூடியிருந்தவரை என் திட்டம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

போன மாதம் அக்கா பையன் வந்தான். இருபத்தொரு வயது. நெற்றி இரண்டு ஓரத்திலும் லேசாக ஏறியிருக்கிறது, அவனுக்கு அது இப்போதே நட வேண்டிய அவசரம். துணைக்கு என்னைக் கூட்டிப்போனான். வேறு கிளினிக், சின்ன வயது டாக்டர். அப்பா போட்டோவைக் கேட்டார். அத்தானுக்கு அறுபதிலும் அலைபாயும் முடி. தாய்மாமா யார் என்றார். பையன் பெருமையாக என்னைக் காட்டினான். டாக்டர் என் முன்வரிசையைப் பார்த்து, “அட, இவருக்கே இவ்வளவு இருக்கே” என்று தெம்பாகப் பேனாவை எடுத்தார்.

என் தலை பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஃபோனைத் தேடி, நடுவதற்கு முன்னால் எடுத்த படத்தையும், மொட்டைக்கு மறுநாள் எடுத்ததையும் அவர் மேஜையில் வைத்தேன். பேனா கீழே இறங்கியது. இருபத்தைந்து தாண்டட்டும், அதுவரை மருந்து போட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

லிஃப்டில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். “நீங்க பாட்டுக்கு சும்மா இருந்திருந்தா இன்னிக்கே தேதி குடுத்திருப்பாங்க மாமா.”

தாய்மாமன் சீரை ஒளித்துவைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இல்லை என்றேன்.