ஒற்றையடிப் பாதையும் கொண்டை ஊசி வளைவும்

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் வத்தல்மலையிலிருந்து. எல்லாமே திரை இசை பற்றி.

கே: பழைய படங்களின் இசை ஆல்பத்தை ‘விரிவாக்கப் பதிப்பு’ என்று மறுபடி வெளியிடுகிறார்களே, முதலில் வந்ததில் என்ன குறை? (பெரியூர்)

ப: குறை இல்லை, இடம் இல்லை! எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் ஒலி மெலிந்துவிடும். படத்துக்கோ ஒன்றரை மணி நேர இசைகூட இருக்கும். ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த ‘ஸ்டார் வார்ஸ்’ 1977இல் இரட்டை இசைத்தட்டாக வந்தது. சுமார் 75 நிமிடம். 1997இல் இரண்டு சி.டி.யாக விரிந்தபோது 100 நிமிடத்தைத் தாண்டியது.

கே: இரண்டில் எது உசத்தி? சுருக்கமாகச் சொல்லுங்கள். (சின்னங்காடு)

ப: தார்ச்சாலை வருவதற்கு முன் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒற்றையடிப் பாதையில்தானே இறங்கினார்கள்? எங்கே திரும்ப வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று கால் அறிந்த பாதை. இசையமைப்பாளரே தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திய முதல் ஆல்பம் அப்படிப்பட்டது. விரிவாக்கப் பதிப்பு கொண்டை ஊசி வளைவுச் சாலை. நேரம் பிடிக்கும்; ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் புதுக் காட்சி. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் ஆல்பத்தில் துண்டுகளின் வரிசையே வேறு. 1997 பதிப்பில் படத்தின் வரிசை. நான் முதலில் பாதையில் நடப்பேன், பிறகு சாலையில் போவேன்.

கே: இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க ஏதாவது முறை உண்டா? (பால்சிலம்பு)

ப: நான்கு சோதனைகள். ஒன்று, ஒலியளவைச் சமமாக வையுங்கள். மறுபதிப்புகள் பெரும்பாலும் சத்தமாக இருக்கும். சத்தம் கூடினாலே நம் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று ஏமாந்துவிடும். இரண்டு, மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரம் சுருங்கியிருந்தால் இசைக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். மூன்று, இரண்டும் ஒரே வாசிப்புதானா என்று கேளுங்கள். சுறா படமான ‘ஜாஸ்’ஸின் 1975 ஆல்பம், ஆல்பத்துக்கென்றே தனியாக வாசித்துப் பதிந்தது. படத்தில் ஒலித்த வாசிப்பு 2000இல்தான் வட்டுக்கு வந்தது. நான்கு, புதிதாகச் சேர்ந்த துண்டை மட்டும் தனியே கேளுங்கள். படம் பார்க்காதவருக்கும் அது இசையாக நிற்கிறதென்றால் சேர்த்தது நியாயம்.

கே: இசையமைப்பாளரே வேண்டாம் என்று விட்டதை எடுத்து வெளியிடுவது மரியாதைதானா? (ஒன்றிக்காடு)

ப: கூர்மையான கேள்வி. அவர் இருக்கிறார் என்றால் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் முதல் ஆல்பத்தை அது வந்த வரிசையிலேயே முழுதாகத் தந்துவிட்டு, மற்றதைத் தனி வட்டில் தர வேண்டும். வீட்டுக்குப் புது அறை கட்டலாம். தாத்தா வைத்த வாசலை மாற்றக் கூடாது.

கே: நம் தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா ஐயா? (மன்னாங்குழி)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நமக்கு ஆல்பம் என்றாலே பாட்டு. பின்னணி இசைக்குக் கோடம்பாக்கத்தில் ‘ஆர்.ஆர்.’ என்று பெயர்; ரீரெக்கார்டிங் என்பதன் சுருக்கம். படம் முடிந்த பிறகு, திரையில் ஓட விட்டு, காட்சி காட்சியாக எழுதி வாசிப்பது. ‘மௌன ராகம்’ 1986இல் வந்தபோது ஆல்பத்தில் ஐந்து பாடல்கள். அந்தப் படத்தின் பின்னணி இசையோ பிற்காலத்தில் எத்தனையோ பேரின் கைபேசி அழைப்பொலி ஆனது. ரசிகர்கள் டி.வி.டி.யிலிருந்து வசனம் இல்லாத விநாடிகளாகப் பார்த்து வெட்டி ஒட்டி எடுத்ததுதான் நம் ஊர் விரிவாக்கப் பதிப்பு! அந்த அன்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மூலநாடாவிலிருந்து வர வேண்டியது, ஒட்டுத்துணியாக வந்திருக்கிறது. ‘பம்பாய்’ (1995) படத்தின் கருவி இசைத் துண்டு ஒன்று ஆல்பத்திலேயே இடம் பெற்றது. பாட்டுக்குச் சமமாக இன்றும் கேட்கிறோம். இடம் கொடுத்தால் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

கே: பாட்டே இல்லாத படத்துக்கு ஆல்பம் எப்படி வரும்? (பெரியூர்)

ப: வந்தது. 2013இல் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’. ஒரு பாட்டு இல்லை. இளையராஜாவின் பின்னணி இசையே ஆல்பமானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘முன்னணி இசை’. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இதற்குத் தலைகீழ். அங்கே ஆல்பம் முந்திக்கொண்டது. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தின் இசையே அந்தப் படத்துக்குப் பின்னணி ஆனது. வீணை மேதை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இலேயே பாட்டில்லாமல் வந்தது. அதற்குத் தனியாக ஓர் இசைத்தட்டு கிடைத்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

கே: எங்கள் தாத்தாவிடம் ‘திருவிளையாடல்’ கதை வசன கேசட் இருக்கிறது. அது கணக்கில் வருமா? (சின்னங்காடு)

ப: கட்டாயம் வரும். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியில் தருமி புலம்புவதைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் எத்தனை! வசனத்துக்கு நடுவே கே.வி. மகாதேவனின் பின்னணி இசையும் அந்த ஒலிநாடாக்களில் தங்கிவிட்டது. நாம் இசையைத் தனியாகச் சேமிக்கவில்லை. கதையோடு சேர்த்துச் சேமித்தோம். தாத்தாவின் கேசட்டை மலை ஈரம் படாமல், வெயில் படாமல், நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருக்கும் காந்தம் ஒலிநாடாவுக்கு ஆகாது.

கே: பழைய ஆர்.ஆர். எல்லாம் வெளிவரத் தடை என்ன? (ஒன்றிக்காடு)

ப: நாடா, உரிமை, நம் அசட்டை. படத்தின் இறுதி ஒலித்தடத்தில் வசனமும் இசையும் ஓசையும் கலந்துவிடும். தனி இசை நாடா தொலைந்தால், கலந்த மாவிலிருந்து உப்பைப் பிரிக்கிற வேலைதான். கணினி இன்று ஓரளவு பிரிக்கிறது, தழும்பு தெரிகிறது. பாட்டுரிமை ஒருவரிடம், படவுரிமை இன்னொருவரிடம் இருந்தால் கையெழுத்துக்கே ஆண்டுகள் ஓடும். 2022இல் ‘விக்ரம்’ படத்தின் பின்னணி இசை தனி ஆல்பமாக வந்ததுபோல், புதுப் படங்களுக்கு வழி திறந்திருக்கிறது. பழைய நாடாக்கள் காத்திருக்காது. காந்தத் துகள் உதிர உதிர இசையும் உதிரும்.

கே: ஒரே ஒரு படத்துக்கு விரிவாக்கப் பதிப்பு கேட்கலாம் என்றால் எது? (பால்சிலம்பு)

ப: ‘முள்ளும் மலரும்’, 1978. மலையில் விஞ்ச் இயக்குகிற காளியின் கதையை மலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் தங்கை வள்ளி ஊராரை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாளே, அங்கே பேச்சைவிட இசைதான் அதிகம் பேசுகிறது. அந்தச் சில நிமிடங்களை, மேலே ஒரு சொல்லும் படாமல், நாடாவில் பதிந்தபடி ஒருமுறை கேட்க வேண்டும். அந்த நாடா எங்காவது பத்திரமாக இருக்கட்டும்.