ஹெரால்டின் பின்கதவு

கேள்வி: நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் புதுப்பிக்கிறேன். டோர் பேடு, ரூஃப் லைனிங் எல்லாம் இற்றுப்போய்விட்டன. ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியை டிங்கரிங்குக்கு அனுப்பிவிடலாமா? (வாசகர், அண்ணனூர்)

பதில்: உங்கள் ஊரில் கார் ஷெட் என்றால் உள்ளே நிற்பது மின்சார ரயில். அங்கே ஒரு ஷெட்டில் நிஜமாகவே கார் நிற்கிறது என்பதே சந்தோஷம்தான். கழற்றுங்கள், ஆனால் எறியாதீர்கள். ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் வந்தது. வடிவம் தந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. சீமையில் ஹெரால்டு எப்போதும் இரண்டு கதவு வண்டிதான். பின்னால் ஏறி இறங்க இரண்டு கதவு கூடுதலாக வைத்தது நம்மவர்கள். எனவே அங்கிருந்து காசைக் கொட்டிப் பார்சல் வரவழைத்தாலும் உங்கள் பின்கதவுக்கு அதில் பேடு இருக்காது. இங்கே தயாரித்த கம்பெனியும் எண்பதுகளின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆக, அந்தப் பேடுக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே அச்சு, நீங்கள் குப்பையில் போடப் பார்க்கிற அந்த இற்றுப்போன அட்டைதான்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கை துறுதுறுக்கும். வேண்டாம். கைப்பிடியின் அடியில் இருக்கும் வட்டத் தகட்டை உள்பக்கமாக அழுத்துங்கள். கைப்பிடியின் கழுத்தில் குறுக்கே ஒரு சின்ன பின் தெரியும். மெல்லிய இரும்புப் பஞ்ச் ஒன்றை வைத்துத் தட்டினால் மறுபக்கம் வந்துவிடும். கீழே பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், அந்தப் பின்னுக்கு உருண்டு ஒளிவதில் தனி ஆசை. பேடு விளிம்பில் கிளிப்புகளால் நிற்கிறது. நடுவில் பிடித்து இழுத்தால் கிளிப் கதவிலேயே நிற்கும், அட்டை மட்டும் பிய்ந்து கையோடு வரும். ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே தட்டையான பட்டியைச் செருகி நெம்ப வேண்டும். கழற்றியதும் பேடைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், அட்டையின் அடிப்பகுதி அப்பளம் போல உப்பும். கறை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் எதிரே தகட்டில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிங்கருக்குக் காட்ட இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

கேள்வி: குஷன் கடைக்காரர், 'பழசு எதுக்கு சார், கண்ணாலேயே அளவெடுத்துடுவேன்' என்கிறாரே? (வாசகர், திருமுல்லைவாயல்)

பதில்: அவர் திறமையில் சந்தேகமில்லை. சீட்டுக்குக் கண் அளவு போதும். ரெக்சின் இழுத்தால் வரும், பஞ்சு அழுத்தினால் அடங்கும். பேடு அப்படியல்ல. கிளிப்பின் இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் கதவிலுள்ள ஓட்டையில் உட்காராது. உட்காராததை உட்காரவைக்க அவர் நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்குவார், கதவுக்கு மூக்குத்தி போட்டது போலிருக்கும். பழையதைக் கையில் கொடுத்துவிட்டால் அதே மனிதர் அச்சு அசலாகச் செய்து தருவார். வெல்டிங் பொறி பட்டால் ரெக்சின் பற்றிக்கொள்ளுமே என்பீர்கள். சரிதான், அதனால்தான் முதலில் கழற்றச் சொல்கிறேன். என் வழக்கெல்லாம் அவசரத்தோடு மட்டும்தான்.

கேள்வி: விண்டேஜ் பதிவுக்கு யாரும் டோர் பேடைக் கேட்பதில்லையே, பிறகென்ன? (வாசகர், ஆவடி)

பதில்: உண்மை. 2021இல் வந்த மத்திய அரசின் விதி, 50 வயது தாண்டிய வண்டியில் சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது. பேடைப் பற்றிப் பேச்சே இல்லை, புலித்தோல் ரெக்சின் போட்டாலும் பதிவுக்குத் தடை வராது. ஆனால் பதிவு அதிகாரி வண்டியைப் பார்ப்பது ஒரு முறை. நீங்கள் உள்ளே உட்காரும்போதெல்லாம் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கப்போவது அந்தப் பேடுதான். அட்டை தொட்டால் உதிரும் நிலையா? கழற்றுமுன் படமெடுத்து, பிரவுன் பேப்பரில் ஓட்டைகளோடு வரைந்துகொள்ளுங்கள். கிளிப்புகளைக் கதவுக்கொரு கவரில் போட்டு, 'பின் இடது' என்று எழுதி ஒட்டுங்கள். பேடைச் சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும். பரணில் படுக்கவைத்து, அதன்மேல் யாரும் அரிசி மூட்டை ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.